புகையில்லாத அடுப்பைப் பாராட்டிய கதை

மக்களே, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையோரத்து ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கியவள் நான். என் முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி. தடுப்பூசி அட்டவணை, சத்து மாத்திரை, பதிவேடு இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கையிலிருக்கிற போனில் தட்டிப் பார்த்துக்கொள்வீர்கள். ஆகவே அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. நான் எழுதப்போவது அடுப்பைப் பற்றி.

சிரிக்காதீர்கள். விறகடுப்பா, இந்தக் காலத்திலா என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. எல்லா வீட்டிலும் கேஸ் இருக்கிறது, சரிதான். சாயா போடவும், விருந்தாளி வந்தால் காட்டவும். சோறு பொங்குவதும் குளிக்க வெள்ளம் காய்ச்சுவதும் இன்றைக்கும் விறகில்தான். காற்றில் ரப்பர் மரம் முறிந்தால் விறகு, தென்னை நின்றால் சிரட்டையும் மட்டையும். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு சிலிண்டருக்குப் பதிந்து யார் காத்துக்கிடப்பார்கள்?

முதலில் என் மானம் போன ஒரு சின்னக் கதை. ரப்பர் பால் வடிகிற சிரட்டையில் கடைசியாக ஒட்டிக் காய்ந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்போம். அதில் ஒரு துண்டைக் கொளுத்தி வைத்தால் எப்பேர்ப்பட்ட ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். கூடவே கரும்புகை கூரைவரை போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வீடு வீடாகப் போய், ஒட்டுப்பாலால் அடுப்புப் பற்றவைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும் என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன். அப்போது ஓர் அக்கா, ஏதோ ரகசியமாகப் பேசவேண்டுமென்று என் வீட்டுக்கே வந்துவிட்டார். பேசி முடித்துப் போகிறபோது அடுக்களை வாசலில் நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பை நிறைய ஒட்டுப்பால். அக்கா கோபப்படவில்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஒணங்குன சாதனமாக்கும் சிஸ்டர், எங்க வாங்குனிய?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பக்கத்தில் என் உபதேசம் விலைபோகாமல் ஆனது. நாம் அவர்கள் அடுக்களையைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கிறோம். நம்முடையது எப்படி இருக்கிறதென்று அவர்களுக்கு முன்னமே தெரியும்.

அது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படியல்ல. ஒரு பெண்ணும் அவள் பெற்ற பத்து நாள் பிள்ளையும் என் பாராட்டினால் சாகப் பார்த்தார்கள்.

திற்பரப்பு போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு வழியில் தாசையன் அண்ணன் வீடு. இருபது வருஷம் கல்ஃபில் இருந்தவர். எண்ணெய் டேங்குகளுக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஊருக்கு வந்த பிறகும் சூப்பர்வைசர் வேலையை விடவில்லை. ஏணியில் ஏறுகிறவனைக் கண்டால் கீழே நின்று பிடித்துக்கொள்வார். ஹெல்மெட் இல்லாமல் வருகிற பையன்களை நிறுத்திக் கேள்வி கேட்பார். என்னையும் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் காற்று குறைவு என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். டேங்குக்குள் கேஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருத்தனையும் இறக்கியதில்லை என்பதை அவர் வாயால் கேட்காத ஆள் அந்த ஊரில் கிடையாது.

மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் ஷைனி. மருமகனும் கல்ஃபில். முதல் பேறு பெண் வீட்டில்தான் என்பது நம்மூர் வழக்கம். அம்மா இல்லாத பிள்ளை, பேறு பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்போம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "எனக்க மோளுக்கு நான் இருக்கேன்" என்று நின்றுவிட்டார் மனுஷன். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காலையில் வந்து போவாள். மற்ற எல்லாம் அவர்தான். பத்தியச் சோறு, மருந்து, துணி அலசுவது. எந்தெந்த நேரத்துக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

ஷைனிக்கு ஏழு மாசமாக இருந்தபோது அந்த வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் புகை கண்ணைக் கரித்தது. பிள்ளை வந்த பிறகு இந்த வீட்டுக்குள் புகையே கூடாது அண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். எத்தனையோ வீட்டில் சொல்லி, ஒருத்தரும் காதில் வாங்காத வார்த்தை. இவர் வாங்கிவிட்டார். வினையே அதுதான்.

ஆபரேஷன் பேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் பார்க்கப் போனேன். நல்ல மழை. உள்ளே போனால் கதகதவென்று இருக்கிறது, புகையின் நாற்றமே இல்லை. எனக்கு ஆச்சரியம். அண்ணன் என்னை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். விறகை முற்றத்துச் சாய்ப்புக் கொட்டகையில் எரிய விடுகிறார். புகையெல்லாம் அடங்கி, செக்கச்செவேலென்று கனல் ஆன பிறகு இரும்புச் சட்டியில் அள்ளிவந்து அடுக்களை அடுப்பில் கொட்டுகிறார். மேலே கொஞ்சம் சிரட்டைக் கரி. அண்டாவில் வெள்ளம் பகல் முழுக்கச் சூடாகவே கிடக்கிறது. பக்கத்து அறையில்தான் ஷைனியும் பிள்ளையும். நடுக்கதவைத் திறந்து வைத்தால் அவர்களுக்கும் சூடு.

அடுப்புக்கு மேலே புகை போகிற குழல் ஒன்று உண்டு. மழை வெள்ளம் அதன் வழியே சொட்டுகிறதென்று ஒரு சாக்கைச் சுருட்டி அதற்குள் திணித்திருந்தார். "புகையே இல்லியே சிஸ்டர், பின்ன குழலு எதுக்கு?" என்றார். நியாயம்தானே? பெற்றுக் கிடக்கிறவளுக்குக் காற்று படக்கூடாது என்று ஜன்னல் இடுக்குகளையெல்லாம் கல்ஃப் பெட்டி கட்டுகிற பிரவுன் டேப்பால் ஒட்டியும் வைத்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லாத வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பாராட்டினேன். ஊருக்கு உங்களை மாதிரி ஒருத்தர் போதும் அண்ணா என்றேன். போனை எடுத்து அடுப்பைப் போட்டோ பிடித்தேன். நீங்கள் மட்டும்தான் போட்டோ எடுப்பீர்கள் என்று நினைக்கவேண்டாம், அந்த வியாதி எனக்கும் இருந்தது. மறுநாள் மாதாந்திரக் கூட்டத்தில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டு, புகையில்லாத முன்மாதிரி அடுக்களை என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் படத்தில் குழலுக்குள் சாக்கு தெளிவாகத் தெரியும். டாக்டர்கள் உட்பட ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புகையில்லாத நெருப்பு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், பாடத்தில் இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

நான் அடுப்பைப் பாராட்டிய அன்றைக்கே ஷைனி தலைவலி என்று சொன்னாள். ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்குத் தலைவலி வருவது உண்டு. நிறைய வெள்ளம் குடி, தலையணை இல்லாமல் படு, தலைவலி மாத்திரை போட்டுக்கொள் என்றேன். எல்லாம் சரியான பதில். அது ஷைனியின் தலைவலிக்கு உரிய பதில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் சாப்பிட உட்காருகிற நேரம் போன் வந்தது. தாசையன் அண்ணன். "சிஸ்டர், பிள்ள பால் குடிக்கல்ல. ஷைனிய எழுப்புனா கண்ணத் தொறக்கா, திரும்பவும் ஒறங்குகா." எப்போதும் ஆளை அதட்டுகிற குரல் அன்று தாழ்ந்து கிடந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

உள்ளே போனதும் அண்ணன் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார், காற்று வரக்கூடாதென்று. நான் என் பையைத் திறந்தேன். முதலில் ஷைனிக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. தையல் சுத்தம். பிள்ளையைத் தொட்டால் துணிபோலத் துவண்டு கிடக்கிறது. மூச்சு இருந்தது. கிருமித் தொற்றோ, மஞ்சளோ, பாலில்லாத மயக்கமோ என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன். எழுதிப் பார்த்தால் ஒரே வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கிறது. காலையில் வெறும் கட்டங்காப்பியோடு ஓடிவந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். மக்களே, எத்தனை நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அண்ணன் நடுக்கதவின் நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ரெண்டு நாளா இதே தலவலியாக்கும் சிஸ்டர். ஒறக்கம் இல்லாததுனால இருக்கும்" என்றார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. முதுகில் ஊசி போட்டது ஷைனிக்கு. இவருக்கு யார் போட்டார்கள்? எனக்கு யார் போட்டார்கள்? நிமிர்ந்து பார்த்தேன். நடுக்கதவுக்கு அப்பால் அடுப்பில் கனல், பார்க்க அத்தனை அழகாக, ஒரு பொட்டுப் புகையில்லாமல் கிடக்கிறது. அதற்கு மேலே அந்தச் சாக்கு.

பையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று அண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்தார். வெளியே கொண்டுபோகவேண்டும், ஷைனியையும் தூக்குங்கள் என்றேன். அவர் போய் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"பச்ச ஒடம்பு சிஸ்டர். இந்த மழையிலயும் காத்துலயும் கொண்டுபோனா ஜன்னி வந்து போயிரும். அவளுக்க அம்மைக்கு நான் என்ன பதிலு சொல்ல?"

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கனலிலிருந்து வருகிற மணமில்லாத விஷவாயு, கார்பன் மோனாக்சைடு என்று ஆரம்பித்து வகுப்பெடுத்திருப்பீர்கள். நானும் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, நாக்குத் தடித்துப்போய்க் கிடந்தது. தள்ளிவிட்டுப் போக உடம்பில் பலமும் இல்லை. மூட நம்பிக்கை என்று திட்டலாம். திட்டினால் அவர் இன்னும் அழுத்தி நிற்பார். மகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறவர் அவர். கையில் பிள்ளை அசையாமல் கிடக்கிறது.

அந்த நேரத்தில் எப்படி வந்ததென்று தெரியாது, கேட்டேன்: "அண்ணா, டேங்குக்குள்ள எறங்குன மூணு பேருக்கு ஒண்ணுபோல தலவலின்னா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் கண் மட்டும் திரும்பியது. கனலைப் பார்த்தார். குழலுக்குள் திணித்த சாக்கைப் பார்த்தார். தன் கையால் ஒட்டிய டேப்பை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். அந்த முகத்தை இன்னொரு மனுஷனிடம் நான் பார்க்கக்கூடாது என்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன்.

பிறகு அவர் சூப்பர்வைசர் ஆனார். "வெளிய. எல்லாரும் வெளிய" என்று கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். தையல் போட்ட மகளைப் போர்வையோடு அள்ளியெடுத்துக் கார் போர்ச்சில் கொண்டுவந்து கிடத்தினார். ஒரு நிமிஷத்துக்கு முன் தட்டுத்தடுமாறி எழுந்தவர். உடனே சாக்கைப் பிடுங்கிப் போடுகிறேன் என்று திரும்பவும் உள்ளே போகத் திரும்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதலில் விழுந்தவனைவிட அவனைத் தூக்கப் போகிறவன்தான் டேங்கில் அதிகம் சாகிறான் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். அதைச் சொன்னதும் நின்றார். நின்றவர் என்ன செய்வதென்று தெரியாமல், சாரல் மகள்மேல் அடிக்காமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

நான் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தேன். மூச்சை எண்ணினேன். ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். திரும்பவும் தேய்த்தேன். சாரல் அதன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, நான் துடைக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லா ஜெபத்தையும் அன்றைக்கு அந்தப் போர்ச்சில் வைத்துச் சொல்லி முடித்தேன். முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். அப்புறம் வாயைப் பிளந்து, ரோடுவரை கேட்கிற மாதிரி, பசியும் கோபமுமாக ஒரு அழுகை. நானும் அழுதேன். வேலை நேரத்தில் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஷைனி வாந்தியெடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்து, நான் ஏன் போர்ச்சில் கிடக்கிறேன் என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறைக்குள் கிடந்திருந்தால் இரண்டு பேரையும் எழுப்பியிருக்க முடியாது என்றார் டாக்டர். நாலைந்து நாளில் தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள்.

இங்கே கதையை முடித்தால் நான் பெரிய ஆள். அப்படித்தான் ஊர் முடித்தது. சிஸ்டர் இல்லையென்றால் இரண்டு உயிர் போயிருக்கும் என்று சாயாக்கடையில் பேச்சு. சபையில் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபித்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குச் சால்வை. போன மாதம் அந்த அடுப்புக்குக் கைதட்டியவர்களே, இந்த மாதம் அதிலிருந்து காப்பாற்றியதற்கும் கைதட்டினார்கள். ஒருத்தருக்கும் அந்தப் போட்டோ ஞாபகம் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. தாசையன் அண்ணன் ஒரு குலை மட்டி வாழைப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு பழத்தை உரித்து வாயில் வைத்தேன். மிச்சக் குலையை அப்படியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வேலையில் உங்களுக்கும் இப்படி நடக்கும். நடக்காது என்று சொல்கிறவள் ஒன்று வேலைக்குப் புதியவள், இல்லையென்றால் பொய் சொல்கிறாள். நடந்த பிறகு இரண்டு வழி உண்டு. சால்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். இல்லையென்றால் போய்ச் சொல்லலாம். நான் மூன்று வாரம் முதல் வழியில் இருந்து பார்த்தேன். ஒரு வீட்டு அடுப்பையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பேன் பாருங்கள் என்று சொல்வதற்குக்கூடக் கூசியது.

ஒரு மத்தியானம் போனேன். அண்ணன் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஷைனி பக்கத்து அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அந்தச் சாக்கையும் டேப்பையும் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பாராட்டினேன். ஷைனியின் தலைவலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அந்த அடுப்பைக் கூட்டத்தில் காட்டிக் கைதட்டு வாங்கினேன். உங்கள் மகளும் பேரப்பிள்ளையும் அந்த அறைக்குள் அப்படிக் கிடந்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. சொல்லிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் குழாயை அடைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"நீங்க எனக்க கிட்ட வந்து சொல்லீட்டிய, சிஸ்டர். இருவது வருஷம் டேங்கு வாசல்ல நின்னு, கேஸ் பாக்காம உள்ள கேறாதன்னு ஊரான் பிள்ளைகளச் சத்தம் போட்டவன் நான். நான் இத எனக்க மோளுட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

சொல்லி முடிக்கும்போதே முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். அத்தனை பெரிய ஆள், சத்தம் வராமல் தோள் குலுங்க அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்த அடுப்புக்கு முன்னால் நின்று, அவளுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதோம்.

அறைக்குள்ளிருந்து ஷைனியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்பா, நீங்க டேப்பு ஒட்டும்போ நல்ல சூடா இருக்குன்னு சொன்னது நானாக்கும். இனி நானும் எழும்பி வந்து அழட்டா, இல்ல ரெண்டுபேரும் நிறுத்துதியளா? பிள்ள இப்பந்தான் ஒறங்குது."

நிறுத்தினோம்.